பரிதா அக்கா கையெழுத்துப் போட்ட கடற்கரை

செய்தி வந்தபோது நான் மலாக்காவை அடுத்த ஜாசினில், வேலை பார்க்கும் கிளினிக்கின் முகப்பில் உட்கார்ந்து நோயாளிகளின் பெயர்களைப் பதிந்துகொண்டிருந்தேன். கைப்பேசியில் 'சிப்பி வகுப்பு' வாட்ஸ்அப் குழு திடீரென்று மேலே ஏறி வந்தது. பதினான்கு மாதங்களாக ஒரு வார்த்தைகூட விழாத குழு அது. கதிரேசன் அண்ணன் எழுதியிருந்தார்: "பரிதா அக்கா இன்னிக்கு விடியகாலைல மௌத்தாயிட்டாங்க. மத்தியானத் தொழுகைக்குப் பிறகு அடக்கம்."

இரங்கல் வார்த்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. நான் ஒன்றும் அனுப்பவில்லை. கண்ணீரும் வரவில்லை. முதலில் மனதில் ஓடியது இதுதான்: பதில் சொல்லாமலே போய்விட்டாரே.

அக்காவை அறிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். போன வாரம் அவருக்காக நாம் கூடியபோது கதிரேசன் அண்ணன் என்னைப் பேசச் சொன்னார். எழுந்து நின்றேன்; வாய் வரவில்லை; உட்கார்ந்துவிட்டேன். மற்றவர்கள் பேசியதெல்லாம் நல்ல வார்த்தைகள். அவற்றில் ஒன்றுகூடப் பொய்யில்லை. ஆனால் எல்லாரும் ஓர் இடத்துக்கு வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார்கள். அந்த இடத்தைத் தாண்டி எழுதிப் பார்க்கிறேன்.

ஐந்து வருடங்களுக்கு முன் நான் அந்த வகுப்பில் சேர்ந்ததே ஒரு தவறான எண்ணத்தில்தான். மலாக்கா டவுனில் துணிக்கடை வைத்திருக்கும் ஒருவர், கடலோரத் தங்கா பத்துவில் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியவர்களுக்குச் சிப்பி வகுப்பு நடத்துகிறார் என்று கிளினிக்குக்கு வந்த ஒருவர் சொன்னார். நான் பெம்பான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். பள்ளிச் சுற்றுலாவில்தான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தேன். சிப்பி வகுப்பு என்றதும், சிப்பிகளை ஒட்டிக் கண்ணாடிச் சட்டம் செய்வது என்று நினைத்துக்கொண்டேன். பசையும் கத்தரிக்கோலும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போய் நின்றேன்.

அக்கா பையை எட்டிப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"இங்க சிப்பிய ஒட்டுறது இல்லம்மா. அது காலி வீடு. நாம குடியிருக்கிறவங்கள பார்க்கப் போறோம். செருப்பக் கழட்டாத, பாறை கிழிக்கும். வா."

அவ்வளவுதான். நான் பின்னாலேயே போனேன். வயது அப்போது எனக்கு நாற்பத்தாறு. அவருக்கு ஐம்பத்தெட்டு. மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில் படிப்பை நிறுத்திவிட்டு, அப்பாவின் கடையில் சாரோங் மடிக்க உட்கார்ந்தவர் அவர். யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. கடை மூடியிருக்கும் நாள்களில் கடற்கரைக்குப் போய்ப் பார்த்தார், பார்த்ததை வரைந்தார், நூலகத்தில் தடித்த ஆங்கிலப் புத்தகங்களை அகராதியோடு வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். முப்பது வருடம் அப்படி.

வகுப்புக்குக் குறிப்பிட்ட நேரம் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். கடல் எப்போது வற்றுகிறதோ அப்போதுதான் வகுப்பு. ஒரு வாரம் காலை ஏழு மணி, இன்னொரு வாரம் உச்சி வெயில். ஒருமுறை, பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற நம் கதிரேசன் அண்ணன் அலுத்துக்கொண்டார்: "என்னாக்கா, ஒரே டைம் வச்சா நல்லதுலா. நம்மளும் பசியாறிட்டு வரலாம்ல?" அக்கா கடலைக் காட்டினார். "அதுகிட்ட பேசுங்கண்ணே. அது ஒத்துக்கிட்டா எனக்குச் சரி."

அதே கதிரேசன் அண்ணன்தான் முதல் மாதத்தில் ஒரு நாள் கரையில் கிடந்த குப்பையைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். அதில் சாம்பல் நிறத்தில் வளைந்த துண்டுகள் நாலைந்து இருந்தன. ரப்பர் பால் பிடிக்க மரத்தில் கட்டும் மங்கு உடைந்தால் அதன் விளிம்பு எப்படி இருக்கும், அப்படி. நானும் குப்பை என்றே நினைத்தேன். அக்கா பையைப் பிடுங்கிக்கொண்டார். துண்டை வெயிலுக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். மணலுக்குள் மணலாக ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் குமிழ்கள். உருண்டையான ஒரு நத்தை, தன் முட்டைகளை மணலோடு குழைத்து வளையமாகச் செய்து வைத்திருக்கிறது.

"ஒரு பிரசவ ஆஸ்பத்திரிய அப்படியே தூக்கிக் குப்பைப் பையில போட்டுட்டீங்கண்ணே" என்றார் அக்கா. அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. அத்தனை துண்டுகளையும் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வர அரை மணி நேரம் ஆயிற்று. அக்கா அதுவரை வகுப்பைத் தொடங்காமல் காத்திருந்தார். அண்ணன் திரும்பி வந்ததும், அந்த நத்தை மற்றச் சிப்பிகளின் ஓட்டில் எப்படித் துளை போட்டு உள்ளே இருப்பதைத் தின்கிறது என்று சொன்னார். அழகாக, ஊசியால் துளைத்தது போன்ற ஓட்டைகள். நாம் எல்லாரும் அதைப் பார்த்து, யாரோ மாலை கோக்கத் துளைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தோம்.

அக்காவின் கடையில் ஒரு மதியம் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, அடுக்கிலிருந்து ஒரு பெரிய புத்தகத்தை எடுத்துக் காட்டினார். வெளியூரிலிருந்து வந்த ஆய்வாளர்களை மூன்று மாதம் அவர் கரை கரையாகக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். எந்தப் பாறையின் எந்தப் பக்கத்தில் எது இருக்கும் என்று காட்டியிருக்கிறார். அவர்கள் எழுதிய புத்தகம்தான் அது. பின்பக்கத்தில் நன்றி சொல்லும் இடத்தில் விரல் வைத்தார். 'உள்ளூர்வாசி ஒருவர்' என்று போட்டிருந்தது.

"நான்தாம்மா அது" என்று சிரித்தார். "எங்க வாப்பா வச்ச பேரு அவங்களுக்கு வாயில நுழையல போல."

நானும் சிரித்தேன். அது அவரை எவ்வளவு அரித்துக்கொண்டிருந்தது என்று அன்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாம் வருடத்திலிருந்து நாம் பதினொரு பேரும் கணக்கெடுப்புத் தொடங்கினோம். கம்பியை வளைத்துச் சதுரமாகச் செய்துகொண்டு, மணலில் வைத்து, அதற்குள் உயிரோடு இருப்பவற்றை எண்ணி எழுதுவது. என் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று நோட்டு என்னிடம் வந்தது. தமிழிலேயே எழுதச் சொன்னார் அக்கா. "உனக்கு எந்தப் பாஷைல பொய் வராதோ அதுல எழுது." ஒவ்வொரு ஞாயிறும் எழுதினேன். எட்டு நோட்டுகள்.

ஒரு ஞாயிறு வழியில் லாரி கவிழ்ந்து சாலை அடைத்துவிட்டது. நாம் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் ஏறிவிட்டிருந்தது. அலைக்கு வெளியே மிச்சமிருந்த நாலு அடி மணலில் சதுரத்தை வைத்துப் பார்த்தோம். ஒன்றும் இல்லை. இதை எழுத வேண்டாமே என்றேன். அக்கா விடவில்லை.

"ஒண்ணும் இல்லன்னாலும் எழுதணும் மாலதி. கிடைச்ச நாள மட்டும் எழுதினா அது பெருமை, கணக்கு இல்ல. ஆனா ஏன் இல்லன்னு கீழ எழுது. அதையும் எழுதினாத்தான் பக்கம் முழுசாகும்."

'இன்று ஒன்றும் இல்லை' என்று எழுதினேன். அடுத்த வரியில், 'தாமதமாக வந்தோம், தண்ணீர் ஏறிவிட்டது' என்று எழுதினேன். அக்கா படித்துப் பார்த்துத் தலையசைத்தார்.

பிறகு அந்த அறிவிப்பு வந்தது. ஒரு நிறுவனம் நம் கரையை மணல் கொட்டி மேடாக்கி அதில் கட்டடங்கள் கட்டப் போகிறதாம். மக்கள் கருத்துச் சொல்லலாம், மண்டபத்தில் ஒரு கூட்டம் நடக்கும் என்று போட்டிருந்தார்கள். அந்த ஞாயிறு அக்கா பாறைமேல் நின்று பேசியது உங்கள் எல்லாருக்கும் நினைவிருக்கும். "இந்த இடத்துல உசிரு இருக்குன்னு நம்ம வாயால சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க. நம்ம நோட்டு சொன்னா கேட்டுத்தான் ஆகணும்." எட்டு நோட்டுகளையும் நான் அவர் கையில் கொடுத்தேன். மலாயில் எழுதித் தயார் செய்கிறேன் என்றார். கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவர் மேலிருந்து எப்போதும் வரும் புதுத்துணி வாசனை அன்றும் வந்தது.

அதற்குப் பிறகு மூன்று ஞாயிறுகள் வகுப்பு இல்லை. உடம்பு சரியில்லை என்று மட்டும் செய்தி அனுப்பினார். நான் கஞ்சி கொண்டு வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். நான் நம்பினேன்.

கூட்டத்தன்று மண்டபத்தில் நாம் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். அக்காவுக்கு என் பக்கத்தில் ஓர் இருக்கையைப் பிடித்து வைத்திருந்தேன். அவர் பக்கவாட்டுக் கதவு வழியாக வந்தார். முன்வரிசையில், நிறுவனத்து ஆட்களோடு உட்கார்ந்தார். இடம் தெரியாமல் உட்கார்ந்துவிட்டார் என்று நினைத்து நான் கையை ஆட்டினேன். அவர் திரும்பவில்லை.

நிறுவனம் அரசாங்கத்துக்குக் கொடுத்த அறிக்கையின் முதல் பக்கம் திரையில் வந்தது. கடல்வாழ் உயிரின ஆலோசகர் என்று போட்டு, கீழே அவர் பெயர். முழுப் பெயர், தகப்பனார் பெயரோடு. கதிரேசன் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நம்ம அக்காதான், பார்த்தியா!" என்று குசுகுசுத்தார். அவருக்கும் இன்னும் புரியவில்லை. அடுத்த பக்கம் வந்தது. இந்தக் கரையில் பெரும்பாலும் செத்த ஓடுகளே காணப்படுகின்றன, குறிப்பிடத்தக்க உயிர்கள் இல்லை என்று மலாயில் எழுதியிருந்தது. அதற்குச் சான்றாக ஒரு படம். உள்ளூர்த் தன்னார்வலர்களின் களக்குறிப்பு என்று சொன்னார்கள்.

அது என் கையெழுத்து. 'இன்று ஒன்றும் இல்லை.'

அவ்வளவுதான் இருந்தது. அடுத்த வரி இல்லை. படம் அந்த இடத்தோடு வெட்டப்பட்டிருந்தது.

நான் எழுந்து நின்றதும் பேசியதும் எனக்குச் சரியாக நினைவில்லை. தண்ணீர் ஏறிய நாள் அது, கீழே இன்னொரு வரி இருக்கிறது, எட்டு நோட்டுகள் இருக்கின்றன என்று மலாயில் தடுமாறிச் சொன்னேன். மேடையிலிருந்த அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். நீங்கள் என்ன படித்திருக்கிறீர்கள், எங்கே வேலை செய்கிறீர்கள் என்றார். கிளினிக்கில் பெயர் பதிகிறேன் என்றேன். முன்வரிசையில் யாரோ இலேசாகச் சிரித்தார்கள். அதிகாரி அக்காவின் பக்கம் திரும்பி, அந்தக் குறிப்பு சரிதானா என்று கேட்டார்.

அக்கா எழுந்தார். என்னைப் பார்க்காமல் சொன்னார்: "அந்தக் குறிப்பு உண்மையானதுதான்."

உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த நிறுவனத்து ஆட்களில் ஒருவருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது. எட்டு நோட்டுகளில் எந்தப் பக்கத்தை எடுப்பது, எந்த வரியோடு நிறுத்துவது என்று அவர்களால் கண்டுபிடித்திருக்க முடியாது. தமிழ் தெரிந்த ஒரு கைதான் அதைச் செய்திருக்க வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து அக்கா பெம்பானுக்கு, என் வீட்டுக்கு வந்தார். இரண்டு பேருந்து மாறி, வெயிலில் நடந்து, நோட்டுகளை ஒரு துணிப்பையில் சுமந்துகொண்டு. இதை நான் இதுவரை உங்களில் யாரிடமும் சொன்னதில்லை. நான் வாசலுக்கு வந்தேன். கேட்டைத் திறக்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான்.

"உள்ள வரச் சொல்ல மாட்டியா மாலதி?"

"கீழ் வரிய யாரு வெட்டுனது?"

"நான்தான்."

"அவங்க வெட்டச் சொன்னாங்களா?"

"இல்லம்மா. அவங்களுக்கு என்ன தெரியும் அதுல. நானாத்தான்."

வெயிலில் அவருக்கு வியர்த்துக் கொட்டியது. ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்திருக்கலாம். நான் நகரவில்லை.

"ஏங்க்கா?" என்றேன்.

"பஸ்ஸுல வர்றப்ப மூணு காரணம் யோசிச்சு வச்சேன். கரை எப்படியும் போகப் போகுது, யாராலயும் தடுக்க முடியாது, அப்படின்னு ஒண்ணு. மத்தது ரெண்டும் அதைவிட நல்லா இருந்துச்சு. உன் முகத்தைப் பார்த்ததும் ஒண்ணும் நிக்கல." துணிப்பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார். பிறகு சொன்னார்: "என் பேரப் போடுறேன்னாங்கம்மா. முதல் பக்கத்துல. முழுப் பேர. முப்பது வருஷத்துல ஒருத்தரும் கேட்டதில்ல."

"எங்க கிட்ட கேட்டிருந்தா நாங்க போட்டிருப்போம்."

"நீங்க போட்டா அது ஞாயித்துக்கிழமைப் பேரு" என்றார் அக்கா.

இந்த ஒரு வார்த்தையை நான் இன்னும் விழுங்கவில்லை. கரையைக் கொடுத்ததுகூட ஒருவேளை காலத்தில் ஆறியிருக்கும். என் கையெழுத்தை எடுத்து எனக்கு எதிராகவே நிறுத்தியதும் ஆறியிருக்குமோ என்னவோ. ஆனால் மழையிலும் வெயிலிலும் அவர் பின்னால் நடந்த பதினொரு பேர், அவர் வாயிலிருந்து விழும் ஒவ்வொரு சொல்லையும் பொறுக்கிச் சேர்த்த பதினொரு பேர், அவருக்கு வேறு யாருமே கிடைக்காததால் வைத்துக்கொண்ட ஆட்கள்தானா? நம் மரியாதை அவருக்கு மரியாதையாகவே தோன்றவில்லையா?

கம்பி இடைவெளி வழியாக நோட்டுகளை ஒவ்வொன்றாக நீட்டினார். ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டேன். "வர்றேன் மாலதி" என்றார். நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அன்றுதான்.

அவர் இறந்த அன்று காலையிலேயே விடுப்பு எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால் தெரியாது. கூடத்தில் பெண்கள் நிறைந்திருந்தார்கள். வெள்ளைத் துணிக்குள் அக்காவின் முகம் சிறுத்துப்போயிருந்தது. அவருடைய தங்கை ஜமீலா என் கையைப் பிடித்துச் சுவரோரமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"எங்க லாத்தா உங்களப் பத்தி நிறைய சொல்லுவா. நீங்க ஏன் வர்றதில்லன்னு கேட்டா மட்டும் பதில் சொல்ல மாட்டா." பிறகு சுவரைக் காட்டினார். "இத பார்த்திருக்கீங்களா? அரசாங்கத்து ரிப்போர்ட்டு. எங்க குடும்பத்துலயே யாருக்கும் கிடைக்காத மரியாதை."

அறிக்கையின் முதல் பக்கம். கண்ணாடி போட்டு, பொன் நிறச் சட்டத்தில். பதினான்கு மாதம் அது அங்கேயே தொங்கியிருக்கிறது. அவர் கழற்றவில்லை. என் வீட்டு வாசலிலிருந்து திரும்பி வந்த அன்றும் கழற்றவில்லை.

ஜமீலா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. இந்தக் காகிதத்துக்குப் பின்னால் ஒரு கடற்கரை கிடக்கிறது என்று. பக்கத்திலேயே அக்கா படுத்திருந்தார். அழுதழுது ஜமீலாவின் கண்கள் வீங்கியிருந்தன.

"பார்த்திருக்கேன்" என்றேன். "அவங்க பேரு ரொம்ப அழகா இருக்கு."

அதுவும் உண்மையான வாக்கியம்தான், பாதி வாக்கியம். சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. வாசலில் கதிரேசன் அண்ணன் சுவரில் சாய்ந்து தேம்பிக்கொண்டிருந்தார். "நீ எப்படி அழாம இருக்க?" என்று கேட்டார்.

கரையின் பெரும்பகுதியை இப்போது மூடிவிட்டார்கள். கொஞ்சம் வடக்கே, சதுப்பு மரங்களை ஒட்டிய ஒரு சின்னத் திட்டுக்கு அண்ணனும் நானும் இன்னும் மூன்று பேரும் போகத் தொடங்கியிருக்கிறோம். போன ஞாயிறு ஒரு மரத்தின் வேரடியில் நத்தை ஒன்றைப் பார்த்தேன். கறுப்பு ஓடு, உள்விளிம்பில் மட்டும் மெல்லிய ஆரஞ்சு நிறம். உயிரோடு இருந்தது. விரலை நிழலாக அதன்மேல் பிடித்ததும் உள்ளே இழுத்துக்கொண்டு வாசலை மூடிக்கொண்டது. இதுவரை நான் பார்த்ததே இல்லை. என்னையறியாமல் கை கைப்பேசிக்குப் போனது. அக்காவின் எண்ணைத் தேடி எடுத்துவிட்டேன். அப்புறம்தான் நினைவு வந்தது.

பதினான்கு மாதம் அவரிடம் எதுவும் கேட்கக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன். இனி அந்தப் பிடிவாதத்துக்கு வேலை இல்லை. தண்ணீரில் முட்டி நனைய, அங்கேயே உட்கார்ந்து அழுதேன். துக்கமா, கோபமா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அண்ணன் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இரண்டு. ஒன்று, வெறும் சேறு என்று மற்றவர்கள் கடந்துபோகும் இடத்தில் நின்று குனிந்து பார்க்கும் பழக்கம். இன்னொன்று, அவர் மேல் எனக்குள்ள கோபம். முதலாவதை வருகிறவர் யாராக இருந்தாலும் சொல்லிக்கொடுப்பேன். இரண்டாவதை யாருக்கும் கொடுப்பதாக இல்லை. அது அவருக்கும் எனக்கும் நடுவில் இருப்பது.